எலிகளுக்குள் பிழைத்த கிருமி

அண்ணன் இறந்த பிறகுதான் எனக்கு வேலை கிடைத்தது. எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். அவன் இருந்திருந்தால் என்னைத் திருக்காட்டுப்பள்ளியில் பஸ் ஏற விட்டிருக்க மாட்டான். ஒன்பதாவதோடு நின்றவள், வீட்டிலேயே இருந்து தையல் கற்றுக்கொள்ளட்டும் என்பான்.

அவன் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். மலத்தோடு ரத்தம் போனதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஊர்ச் சூடு, மூலமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கடைசியில் போனில் அண்ணியிடம் சொன்னபோது அவளும் மோர் குடிக்கச் சொன்னாள், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடச் சொன்னாள். ஊருக்கு வந்து டாக்டரிடம் காட்டினால், பெருங்குடலில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். அதற்குள் அது ஈரலுக்கும் போயிருந்தது.

பிறகு மருந்து ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டு வந்தால் வாய் முழுக்கப் புண்ணாகிவிடும். ரசம்கூடக் காரமாக எரியும். முடியும் கொட்டியது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைப் போட முடியாது, அண்ணிதான் போட்டுவிடுவாள். எல்லாவற்றையும் விடக் கொடுமை, குளிர்ச்சியாக எதையும் தொட முடியாது. பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் ஷாக் அடித்த மாதிரி உதறுவான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

“ஏசி மெக்கானிக்குக் குளிர் ஆகலை. இதை அங்க சொன்னா என் விசாவைக் கிழிச்சிடுவானுங்க.”

“சும்மா இருங்களேன்” என்பாள் அண்ணி.

“நெசமாத்தான்டி. இந்த மருந்து எப்படின்னா, கடைமடையில ஒரே ஒரு வயலுக்குத் தண்ணி போகணும். அதுக்கு ஆத்தையே ஊருக்குள்ள திருப்பி விடுறாங்க. ஊரே முங்கிப் போச்சு. அந்த வயலுக்கு மட்டும் தண்ணி போய்ச் சேரலை.”

மருந்து வேலை செய்யாமல் இல்லை. கொஞ்ச நாள் செய்தது. ஆனால் கட்டி தாங்கின அளவுக்கு அவன் உடம்பு தாங்கவில்லை. வைகாசியில் போய்விட்டான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அம்மாவாவது அழுதாள். அண்ணி அழவும் இல்லை, பேசவும் இல்லை. சோறு வைத்தால் சாப்பிடுவாள், கேட்டால் தலையாட்டுவாள். எனக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எலி வளர்க்க ஆள் தேடுகிறார்கள் என்று தெருவில் ஒருவர் சொன்னதும் நானே போய் நின்றேன்.

நான் பார்க்கவேண்டிய அறையில் வரிசை வரிசையாகக் கூண்டுகள் இருந்தன. உள்ளே வெள்ளைச் சுண்டெலிகள். தீனி வைக்கவேண்டும், தண்ணீர் பாட்டில் மாற்றவேண்டும், திங்கட்கிழமை தோறும் கூண்டைக் கழுவிப் புது உமி போடவேண்டும். எனக்கு வேலை சொன்ன மேடம் சீர்காழிப் பக்கம். பெரிய படிப்புப் படித்தவர். ஆனால் பேசினால் எங்கள் சித்தி மாதிரி இருக்கும்.

முதல் வாரமே கேட்டுவிட்டேன். “இந்த எலியெல்லாம் எதுக்கு மேடம்?”

“இதுங்க பெருங்குடல்ல கேன்சர் கட்டி வர வச்சிருக்கோம்மா. அதுக்கு ஒரு மருந்து பாக்கறோம்.”

எனக்குக் கையிலிருந்த தீனி டப்பா நழுவிவிட்டது. அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் வாய் நிற்காது. மூலம் என்று நினைத்தது, மோர், வாய்ப்புண், பொத்தான், எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொல்லி அழுதேன். மேடம் என்னைத் தேற்றவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, அவர் என்ன செய்கிறார் என்று சொன்னார்.

எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நம் குடலில் கெடுதல் செய்யாத நல்ல கிருமிகள் உண்டு. வயிற்றுக்கு நல்லது என்று அதில் ஒரு ஜாதியை மாத்திரையாகவே விழுங்குகிறார்கள். மேடம் அந்தக் கிருமியின் உள்ளே கைவைத்து அதற்கு ஒரு புது வேலை கற்றுக்கொடுத்திருந்தார். வாய் வழியாகக் கொடுத்தால் அது குடலுக்குப் போகும். கட்டிக்குள் காற்று குறைச்சல், உடம்பின் காவல்காரர்களும் அங்கே சரியாக எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் அந்த இடம் கிருமிக்கு வசதி. அங்கேயே குடியேறி, அங்கேயே மருந்தைச் செய்து, அங்கேயே விடும். உடம்பின் மற்ற இடத்துக்கு அந்த மருந்து போகாது.

“அப்ப வாய்ப்புண் வராதா மேடம்?”

“வரக்கூடாதுன்னுதான் இவ்வளவு பாடு.”

“முடி?”

“அதுவும்தான். ஆனா எலியிலயே இன்னும் முழுசா நிரூபிக்கலை. மனுஷனுக்கு வர ரொம்ப தூரம் இருக்கு. உன்கிட்ட பொய் சொல்லமாட்டேன்.”

எனக்கு அது போதும். ஒரே ஒரு வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகத் தெரிந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அண்ணன் இருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கூண்டுகளில் அட்டை மாட்டியிருக்கும். சிவப்பு அட்டை எலிகளுக்குக் கட்டி உண்டு, கிருமியும் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் அட்டைக்குக் கட்டி மட்டும், கிருமி இல்லை. வெள்ளை அட்டை நல்ல எலிகள். கட்டி கிடையாது, ஆனால் கிருமி கொடுத்தது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்றார் மேடம். பொங்கலுக்குப் பிறகு மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்களாம். கிருமி கட்டியில் நிற்கிறது, கட்டி சின்னதாகிறது என்று அதற்குள் காட்டவேண்டும். இல்லாவிட்டால் இந்த ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள்.

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. இந்தக் கிருமி ஜெயிக்கவேண்டும். அவ்வளவுதான்.

ஆயுதபூஜை வந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குப் பண்டிகை கிடையாது. சாவு விழுந்த வீடு, வருஷம் திரும்பும்வரை எதுவும் கொண்டாடமாட்டோம். மற்றவர்கள் பூஜை செய்யும் இடத்திலும் போய் நிற்கமாட்டேன். கல்லூரியில் எல்லா அறையையும் கழுவி, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எலி அறையிலேயே இருந்துகொண்டேன்.

எலக்ட்ரீஷியன் சந்தனக் கிண்ணத்தோடு அங்கேயும் வந்துவிட்டார். ஐம்பது வயசிருக்கும், நெற்றி நிறைய விபூதி. ரொம்ப வருஷம் ரைஸ்மில்லில் வேலை பார்த்துவிட்டு அந்த வருஷம்தான் கல்லூரிக்கு வந்தவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

“பாப்பா, கதவைத் திற. உன் எலிக்கெல்லாம் பொட்டு வச்சிட்டுப் போறேன்.”

“எலிக்கா? கடிச்சிடும் மாமா.”

“சரி, ஏசிக்காவது வைக்கறேன்.”

“வேணாம் மாமா. எனக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை. நான் நிக்கற எடத்துல பூஜை வேணாம்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “அடடா, மறந்தே போனேன் பாரு. அண்ணனுக்கு இன்னும் வருஷம் திரும்பலைல்ல. மன்னிச்சுக்கம்மா.” வாசலிலிருந்தே திரும்பிப் போனார்.

அடுத்து விஜயதசமி, அதை ஒட்டிச் சனி, ஞாயிறு. கல்லூரி பூட்டிக் கிடந்தது. எலி அறைச் சாவி என்னிடம் இருந்ததால் நான் மட்டும் தினமும் வந்து எலிக்குத் தீனி வைத்துவிட்டுப் போனேன். எலிக்கு ஏது லீவு. வழியெல்லாம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் நான் வந்தபோது மேடம் அறையிலிருந்து சத்தம் கேட்டது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி உண்டு, நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த அக்கா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கிருமியை உறைய வைத்திருக்கும் பெரிய பிரீசர் கதவு திறந்து கிடந்தது. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பிரீசரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும், கைப்பிடியில் வாடிப்போன கதம்பச் சரம்.

எலக்ட்ரீஷியன் சுவரோரம் நின்றிருந்தார்.

“மில்லுல அப்படித்தாங்கம்மா. ஆயுதபூஜைக்கு மெயினை இறக்கிட்டு மாலை போட்டுடுவோம். வருஷம் பூரா ஓடுற மெஷினு, அன்னிக்கு ஒரு நாளு அதுக்கு ஓய்வு. விஜயதசமிக்கு நல்ல நேரம் பாத்துத் தூக்குவோம். இங்கயும் பூஜை முடிஞ்சு எல்லாரும் போனதும், பூஜை போட்ட ரூமுக்கெல்லாம் இறக்குனேன்.”

“விஜயதசமிக்கு வந்து தூக்கலையா?” அக்கா அழுதுகொண்டே கத்தினாள்.

“வந்தேம்மா. இந்த ரூம் சாவி வச்சிருந்தவரு ஊருக்குப் போயிட்டாரு. சரி, கூட ரெண்டு நாளு ஓய்வெடுக்கட்டும்னு…”

“அலாரம் அடிச்சிருக்குமே!”

“மெயினை இறக்குனதும் கத்துச்சு. அந்தப் பொத்தானை அமுக்கினேன், நின்னுச்சு. பாவம், ஓயாம ஓடுன பழக்கம், அதான் கத்துதுன்னு நெனச்சேன்.”

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். மேடம் அவரைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சின்னச் சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கீழே வைத்துக்கொண்டே இருந்தார். முன்ஜாக்கிரதையாக எடுத்து வைத்த இன்னொரு பெட்டியும் அதே பிரீசரில்தான் இருந்தது. நாலு நாள் தஞ்சாவூர்ப் புழுக்கத்தில் எல்லாம் கரைந்து கிடந்தன.

உயிர் இருந்தால் முளைக்கட்டும் என்று அவர் ஒவ்வொரு குப்பியிலிருந்தும் எடுத்துத் தட்டுகளில் தேய்த்துச் சூட்டுப் பெட்டியில் வைத்தார். அந்தக் கிருமிக்கு ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்து, கற்றுக்கொடுத்த வேலையும் மறக்காமல் இருந்தால், நீல விளக்கில் பச்சையாக மினுங்கும். மறுநாள் பார்த்தோம். சில தட்டில் பூஞ்சைதான் பூத்திருந்தது. சிலதில் வெள்ளையாக ஏதோ முளைத்திருந்தது, விளக்கில் காட்டினால் மினுங்கவில்லை.

“மறுபடியும் செய்ய எவ்வளவு நாள் ஆகும் மேடம்?” என்றேன்.

“ஒரு வருஷத்துக்கு மேல. அதுக்குள்ள மூடிருவாங்கம்மா.”

மாலையில்லாமல், சங்கில்லாமல், இன்னொரு சாவு. எனக்கு அப்படித்தான் இருந்தது. அந்த எலக்ட்ரீஷியன் மீது கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. மனுஷன் மெஷினுக்கு இரக்கம் பார்த்திருக்கிறார்.

என்ன செய்வதென்று தெரியாமல் என் வேலையைப் பார்க்கப் போனேன். முந்தின நாள் நடந்த கலவரத்தில் கூண்டு கழுவாமல் கிடந்தது. லீவு நாளில் விழுந்த புழுக்கையெல்லாம் அப்படியே நாற்றமடித்தது. முதல் கூண்டைத் தூக்கிக்கொண்டு மேடம் அறையைத் தாண்டும்போது, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று எட்டிப் பார்த்தேன்.

“மேடம், சிவப்பு அட்டைக் கூண்டையெல்லாம் கழுவிடட்டுமா?”

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. திரும்பலாம் என்று நினைத்தபோது எழுந்து வந்து கூண்டை என் கையிலிருந்து பிடுங்கினார்.

“கழுவாதே! எதையும் கழுவாதே. எலி ரூம்ல கரண்டு போச்சா?”

“இல்லையே. ஏசி ஓடிட்டுதான் இருந்துச்சு.”

“அங்க அவர் பூஜை போடலையா?”

“வந்தாங்க. நான்தான் எங்க வீட்டுக்குப் பண்டிகை இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

மேடம் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். “எழுந்திரு. பிரீசர்ல செத்தா என்ன? எலிக்குள்ள இருக்கணும். எலிக்குள்ள இல்லைன்னா நாம சொன்னதே பொய். இருந்தா, கிருமியும் கிடைக்கும், ஆதாரமும் கிடைக்கும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூஜைக்கு ரெண்டு வாரம் முன்னால் கடைசியாகக் கொடுத்த கிருமி. நல்ல எலியாக இருந்தால் அது குடலில் தங்காமல் சீக்கிரம் வெளியேறிவிடும். கட்டி இருக்கும் எலியில் கட்டிக்குள் குடியேறி, பெருகி, கொஞ்சம் கொஞ்சமாகப் புழுக்கையிலும் வந்துகொண்டிருக்கவேண்டும்.

அன்று மதியம் முழுக்கப் புழுக்கை பொறுக்கினோம். பெரிய படிப்புக்கார அக்காவும் நானும் சம்மணம் போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தோம். அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள்.

“எங்க அம்மாகிட்ட டாக்டர் பட்டம் வாங்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். இதைப் பாத்தா என்ன சொல்வாங்க?”

“பட்டத்துக்கு முன்னாடி எலிப் புழுக்கைன்னு போட்டுக்கச் சொல்வாங்க” என்றேன்.

“வாயைப் பாரு இவளுக்கு!”

சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று தனித்தனியாகக் கரைத்துத் தட்டுகளில் தேய்த்தார்கள். நான் வீட்டுக்குப் போனேன். அம்மா கேட்டதற்கெல்லாம் உம் கொட்டினேன். பாயில் படுத்தால் சூட்டுப் பெட்டிதான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் நான் போனபோது எலக்ட்ரீஷியன் எனக்கு முன்னால் வந்து வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரத் தைரியமில்லை. “பாப்பா, நீ பாத்துட்டு வந்து சொல்லு. என்னால முடியாது” என்றார். கையைப் பிடித்து அவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

மேடம் அறை விளக்கை அணைத்தார். நீல விளக்கைப் போட்டார்.

மஞ்சள் அட்டைத் தட்டு. ஒன்றும் மினுங்கவில்லை. கிருமியே கொடுக்காத எலிகள், சரிதான்.

வெள்ளை அட்டை. ஒன்றும் இல்லை. நல்ல எலியில் கிருமி தங்காமல் போய்விட்டது. அதுவும் சரி.

சிவப்பு.

நாற்றங்காலில் நெல் முளைவிட்டதைச் சாயங்கால வெளிச்சத்தில் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பச்சை. தட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக மினுங்கியது. அடுத்த தட்டும் அப்படியே. அதற்கடுத்ததும்.

யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது. அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். மேடம் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. எலக்ட்ரீஷியனுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை.

“பொழச்சிடுச்சாம்மா? சொல்லுங்க, பொழச்சிடுச்சா?”

“பொழச்சிடுச்சு மாமா! இருக்க வேண்டிய எடத்துல இருந்திருக்கு!”

அவர் தட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மேடத்தைப் பார்த்து, “இனிமே அந்தப் பிரீசர் பக்கமே போகமாட்டேம்மா. ஆயுதபூஜைக்கு என்னை வேணா கட்டிப் போட்டுடுங்க” என்றார். மேடம் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தக் கிருமியை மறுபடி வளர்த்து, மூன்று வெவ்வேறு கட்டடத்தில் உறைய வைத்தார்கள். ஆனால் பாதிதான் ஜெயித்திருந்தோம். கிருமி கட்டியில் நிற்கிறது என்பது தெரிந்துவிட்டது. கட்டி கரைகிறதா? அதற்குத்தான் கார்த்திகைவரை காத்திருந்தோம்.

எலியை மயங்க வைத்து, நூல் மாதிரியான கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். எலியைக் கையில் வைத்துக்கொள்வது நான். என் கையிலிருந்தால் அவை பதறாது. முதலில் மஞ்சள் அட்டை எலியைப் பார்த்தார்கள். திரையில் கட்டி வழியையே அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். நான் திரையைப் பார்க்காமல் எலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சிவப்பு.

“நிமிந்து பாரும்மா” என்றார் மேடம்.

போன தடவை மிளகு மாதிரித் திரண்டிருந்த கட்டி கடுகாகியிருந்தது. சுற்றிலும் சதை ரோஸ் நிறத்தில் பளபளவென்று இருந்தது. அடுத்த எலி, அதற்கடுத்த எலி. ஒன்றிரண்டில் குறையவில்லை. மற்ற எல்லாவற்றிலும் குறைந்திருந்தது. ஒன்றில் இடமே தெரியவில்லை, மேடம் தேடித் தேடிப் பார்த்தார். அந்த எலிக்கு ஒரு முடி கொட்டவில்லை. மயக்கம் தெளிந்ததும் எழுந்து, தள்ளாடிப் போய்த் தீனியைக் கொறிக்க ஆரம்பித்தது. வாய்ப்புண் இல்லை. நான் அதைத்தான் பார்த்தேன். அது சாப்பிட்டதைத்தான் பார்த்தேன்.

மேலிடத்து ஆட்கள் பொங்கலுக்குப் பிறகு வந்து பார்த்துவிட்டு, நிறுத்தவேண்டாம், தொடர்ந்து செய்யுங்கள் என்று சொன்னது பிறகு நடந்தது. எனக்கு ஜெயித்த நாள் இதுதான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றுகொண்டே வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுப்பாள் என்று நினைத்தேன். அண்ணி எடுத்தாள்.

“அண்ணி, எலிக்குக் கட்டி கரைஞ்சிடுச்சு.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. மூச்சுவிடுவது கேட்டது.

“எந்தக் கட்டி?” என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளாக ஒரு கேள்வி கேட்டாள்.

“அண்ணனுக்கு வந்த அதே கட்டிதான் அண்ணி. குடல்ல.”

“வாய்ப்புண்?”

“இல்ல அண்ணி. முடியும் கொட்டலை. நல்லாத் திங்குது.”

“மனுஷங்களுக்கு?”

“இன்னும் ரொம்ப தூரம் இருக்காம். மேடம் பொய் சொல்லமாட்டாங்க. ஆனா எலிக்கு வந்தாச்சு. நான்தான் கையில வச்சிருந்தேன்.”

பக்கத்தில் நின்ற பெரியவர் என்னையே பார்த்தார். “என்னம்மா, எலி மருந்தா? எங்க வயல்லயும் ரொம்பத் தொல்லை.” நான் இல்லை என்று தலையாட்டினேன், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

போனில் அண்ணி அழ ஆரம்பித்திருந்தாள். வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கி. வைகாசியில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். பின்னால் அம்மா என்னடி, என்னடி என்று கேட்பது கேட்டது.

“திரும்பச் சொல்லு” என்றாள் அண்ணி. “அத்தைக்கும் கேக்கட்டும். ஸ்பீக்கர்ல போடறேன்.”

கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி மறுபடியும் சொன்னேன்.